வியாசர்பாடியில் ஒரே அறை வீடு, ஆன்லைன் டிகிரி சரிப்படுமா?

அக்கா, பிளஸ் டூ முடித்த மகள் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் பட்டப்படிப்பே போதும் என்கிறாள், வீட்டில் ஒரே அறை, ஒரே செல்போன், கல்லூரியில் சேர்க்காமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். இரண்டிலும் சேரட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க 2022-இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்துவிட்டது.

பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

அந்த பிஎஸ் நல்ல படிப்புதான். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுத வேண்டாம்; 4 வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். புரியாத வீடியோவை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் வாராவாரம் அசைன்மென்ட், கெடு தாண்டினால் மார்க் போச்சு. பரீட்சையை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அப்புறம், செல்போனில் கோடிங் தட்டிக்கொண்டிருக்க முடியாது, பழைய லேப்டாப்பாவது வேண்டும். ஒரு பக்கம் குக்கர் விசில், மறுபக்கம் பக்கத்து வீட்டு டிவி சீரியல். பாவம், ஹெட்போன் எவ்வளவுதான் தாங்கும்? கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது, ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்; பிஎஸ்ஸுக்கு இப்போதைக்குத் தகுதித் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். தேறினால் மேற்கொண்டு யோசிக்கலாம்.