வாசகர் கேள்வி – பதில்: வெற்று நாற்காலியால் யாருக்கு நட்டம்?

கேள்வி: கணக்காய்வாளர் நாயகம் பதவிக்கு ஜனாதிபதி முன்வைத்த பெயர்களை அரசியலமைப்புப் பேரவை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நிராகரித்ததால், 2025 ஏப்ரலுக்குப் பின்னர் அந்தப் பதவிக்கு நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டது. எதிர்க்கட்சிகள் வேண்டுமென்றே குழப்புகின்றன என்கிறது ஒரு தரப்பு. அரசாங்கம் தனக்கு வேண்டியவரைத் திணிக்கப் பார்க்கிறது என்கிறது மறுதரப்பு. எது சரி? – வாசகர், சுன்னாகம்

பதில்: உயர் பதவிகளுக்கும் சுயாதீன ஆணைக்குழுக்களுக்கும் ஜனாதிபதி செய்யும் நியமனங்களில் சம்மதம் கேட்கப்பட வேண்டிய இடம் இந்தப் பேரவை. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். 2022 ஒக்டோபரில் நிறைவேறிய 21ஆவது திருத்தத்தின்படி பேரவையில் பத்துப் பேர். தலைமை தாங்கும் சபாநாயகருக்கு வாக்குகள் சமமாகும்போது மட்டுமே வாக்குண்டு. மீதி ஒன்பது பேரில் பிரதமர், ஜனாதிபதியின் பிரதிநிதி, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் என மூவர் அரசாங்கப் பக்கத்தினர். எதிர்க்கட்சித் தலைவர், அவருடைய கட்சி உறுப்பினர், ஏனைய கட்சிகளின் உறுப்பினர் என மூவர் மறுபக்கத்தினர். எஞ்சிய மூவர் பாராளுமன்றத்துக்கு வெளியேயிருந்து வருபவர்கள். ஒரு பெயரை ஏற்பதற்கு ஐந்து வாக்குகள் வேண்டும். ஆகவே எதிர்த்தரப்பு மூவரும் ஒரே பிடியாக மறுத்தாலும், வெளியாட்களில் இருவரைச் சம்மதிக்க வைத்தால் அரசாங்கத்தின் காரியம் நிறைவேறிவிடும். அந்த இருவரைக்கூடச் சம்மதிக்க வைக்க முடியாத பெயரென்றால், குறையை முதலில் அந்தத் தெரிவில்தான் தேட வேண்டும் என்பது எனது கருத்து.

இதனால் எதிர்க்கட்சிக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. ஒருவரை வேண்டாமென்பவர், அவருடைய தகைமையில் குறையா, சேவை மூப்பு மீறப்பட்டதா, முன்னைய பதவியில் அவர் நடந்துகொண்ட விதம் கேள்விக்குரியதா என்பதை ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டவர். காரணம் சொல்லாத மறுப்புக்கும் தகுதி பார்க்காத நியமனத்துக்கும் நடுவில் நின்று தவிப்பவர்கள் பொதுமக்களே.

கேள்வி எழுப்புவதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 காட்டியது. அந்த ஆண்டு பெப்ரவரியில் தேசபந்து தென்னகோனைப் பொலிஸ் மாஅதிபராக நியமிக்கும் விடயத்தில் பேரவையில் ஆதரவாக நால்வரும் எதிராக இருவரும் வாக்களித்தனர், இருவர் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காத இருவரையும் எதிர்த்தவர்களாகக் கணக்கிட்டு, நாலுக்கு நாலு எனச் சமநிலை காட்டி, சபாநாயகர் தமது வாக்கைச் சேர்த்தார். இது சட்டப்படி சரியல்ல என்று எதிர்க்கட்சித் தலைவர் அன்றே சொன்னார். யூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் தென்னகோன் அந்தப் பதவியில் கடமையாற்றுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. அன்று எழுந்த ஆட்சேபம் நாட்டுக்குச் செய்த சேவை என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் வேறொரு வகை இழுபறியும் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் கவலை. 2001இல் 17ஆவது திருத்தம் கொண்டுவந்த முதலாவது பேரவையின் காலம் 2005இல் முடிந்தபோது, சிறிய கட்சிகள் தமக்குரிய ஒரேயோர் இடத்துக்கு ஒரு பெயரில் ஒன்றுபடவில்லை. அந்த ஓர் இடம் நிரம்பவில்லை என்பதையே காரணமாக்கி ஜனாதிபதி பேரவையை அமைக்காமல் விட்டார். 2006இலிருந்து ஆணைக்குழுக்களுக்குத் தாமே நேரடியாக ஆட்களை நியமித்தார். 2010இல் 18ஆவது திருத்தம் பேரவையையே இல்லாமற் செய்து, கருத்துச் சொல்ல மட்டுமே உரித்துள்ள ஒரு குழுவை அதன் இடத்தில் வைத்தது. காணாமற்போன பிள்ளையின் படத்தோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகப் படியேறிய தாய்மாருக்கு, அந்த ஆணைக்குழுவில் அமர்ந்திருப்பவரை யார் தெரிவு செய்தார் என்பது கொழும்பு அரசியலாக மட்டும் இருக்கவில்லை.

கேள்வி: வெளிநடப்பும் கூச்சலும் எதிர்க்கட்சியின் உரிமை என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா? பாராளுமன்றத்தில் மிளகாய்த்தூள் வீசிய காட்சியை அவர்கள் என்னிடம் காட்டிக் கேட்கிறார்கள். – ஆசிரியை, கரவெட்டி

பதில்: அந்தக் காட்சி 2018 நவம்பர் 16ஆம் திகதிக்குரியது. அன்று சபாநாயகரின் ஆசனத்தை மறித்தவர்களும் தூளை வீசியவர்களும், ஒக்டோபர் 26இல் திடீரென நியமிக்கப்பட்ட பிரதமரின் பக்கத்தவர்கள். அதாவது தாமே அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டவர்கள். நம்பிக்கையில்லாப் பிரேரணை வாக்கெடுப்புக்கு வராமல் தடுப்பதே அவர்களுடைய நோக்கம். எண்ணிக்கை போதாத எந்தத் தரப்பும் சபையைக் குழப்பும் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

வெளிநடப்பைப் பற்றி வேறோர் உதாரணம் சொல்லுங்கள். மேலே சொன்ன 18ஆவது திருத்தம் 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது, பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி வாக்களிப்பைப் பகிஷ்கரித்தது. ஆதரவு 161, எதிர்ப்பு 17. அவர்கள் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் திருத்தம் நிறைவேறியிருக்கும்; ஆனால் ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடலாம் என்று வழிதிறந்த நாளில் நாட்டின் பெரிய எதிர்க்கட்சி எதிர்த்து வாக்களித்தது என்ற பதிவு இன்று இருந்திருக்கும். பிழையென்று நம்பும் சட்டத்துக்கு எதிராகச் சபையில் இருந்து வாக்களிப்பதே உறுப்பினரின் வேலை. அதற்காகத்தான் மக்கள் அவரை அனுப்பினார்கள்.

கேள்வி: எங்கள் பிரதேச சபையில் எதிரணி எதற்கெடுத்தாலும் எழுந்து போய்விடுகிறது. வரவு செலவுத் திட்டத்தையும் தோற்கடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். இது முறையா? – வாசகர், மானிப்பாய்

பதில்: சில ஆண்டுகளுக்கு முன்னர் இன்னொரு சபையின் அமர்வில் பார்வையாளர் வாங்கில் நான் இருந்தேன். மாரிக்கு முன்னர் ஒரு வாய்க்காலைத் துப்புரவாக்கும் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. அந்த ஒழுங்கையிலிருந்து ஒரு வயோதிபத் தாய், நனைந்து சுருங்கிய மனுவின் பிரதியை மடியில் வைத்தபடி காலையிலிருந்து காத்திருந்தார். ஒரு குழுத் தலைவர் நியமனத்தில் வாய்ச்சண்டை மூண்டு, ஒரு தரப்பு எழுந்து வெளியேறியது. இருக்க வேண்டிய தொகைக்கு உறுப்பினர்கள் இல்லாமல் அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. செயலாளர் கோவையை நாடாவால் கட்டினார். “அப்ப என்ரை வாய்க்கால், தம்பி?” என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வரவு செலவுத் திட்டத்தைத் தோற்கடிப்பது சட்டம் அனுமதித்த வழிதான். இரண்டாவது தடவையும் தோற்றால் தவிசாளர் பதவியிழக்கவும் நேரலாம். யாழ்ப்பாணம் மாநகர சபையில் 2020 டிசெம்பரில் அப்படித்தான் முதல்வர் மாறினார். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தில் உண்மையான பிழையிருந்தால் எதிரணி அந்த ஆயுதத்தை எடுக்கட்டும். அதற்கு முன்னர் எந்த வேலைக்குரிய தொகையைக் குறைக்க வேண்டும், எந்த வட்டாரத்துக்குக் கூட்ட வேண்டும் என்று திருத்தங்களை எழுத்தில் கொடுத்தார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் நீங்களும் சபை அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் ஒழுங்கைக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கேள்வியை உங்கள் வட்டார உறுப்பினரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், எழுதிக் கொடுங்கள்.