பையில் அடங்கும் பூச்சிப் பொறி

கேள்வி: உயர்தர மாணவர்களுடன் தம்பலகாமம் வயலோரங்களில் பறக்கும் பூச்சிகளைச் சேகரித்து ஆராய விரும்புகிறேன். பேருந்தில் கொண்டுசெல்லக்கூடிய சிறிய பொறியொன்றை நாமே செய்துகொள்ள முடியுமா?
— உயிரியல் ஆசிரியை, உப்புவெளி

பதில்: தாராளமாகச் செய்யலாம். நடுவே தடையாக நிற்கும் துணிச்சுவரும் மேலே சரிந்த கூரையும் கொண்ட, கூடாரம் போன்ற மலேஸ் பொறியின் சிறிய வடிவமே உங்கள் தேவைக்குப் பொருந்தும். சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ், கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் கூரையின் உயர்ந்த மூலையில் திரள்வதைக் கண்டு உருவாக்கிய இப்பொறியைப் பற்றி 1937இல் எழுதினார். தடையில் மோதும் ஈக்களும் குளவிகளும் பெரும்பாலும் வெளிச்சத்தை நாடி மேலேறும் என்பதே இதன் அடிப்படை.

எடையைக் குறைக்க, பொறியைத் தாங்கும் சட்டகத்தை இலகுவாக்குங்கள். நடுச்சுவரின் பரப்பை இயன்றவரை குறைக்காதீர்கள். இரும்புக் கம்பிகளை விட்டுவிட்டு, இரு மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய நைலோன் கயிற்றில் பொறியைத் தொங்கவிட்டு, கீழ் மூலைகளுக்கு முளை அடித்தால் போதும். நுளம்பு வலைத் துணியே இதற்குப் பயன்படும். பூச்சியின் கண்ணுக்கு எளிதில் புலப்படாதிருக்க நடுச்சுவர் கறுப்பாகவும், வெளிச்சம் ஊடுருவும்படி கூரை வெள்ளையாகவும் இருப்பது நல்லது.

கூரை ஒரு பக்கமாக உயர்ந்து முடியும் உச்சியில்தான் பூச்சிகள் வந்து விழும் போத்தல் அமையும். கைவேலையில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. துணியில் சிறு மடிப்பு விழுந்தாலும் மேலேறும் பூச்சி அதற்குள் ஒதுங்கி அங்கேயே தங்கிவிடும். ஆகவே பிளாஸ்டிக் மூடியின் நடுவை வட்டமாக வெட்டியெடுத்து, எஞ்சிய வளையத்தைச் சுற்றித் துணியின் விளிம்பை இறுக்கமாகத் தையுங்கள். அதன்பின் போத்தலை வேண்டியபோது திருகிக் கழற்றலாம். போத்தலில் 70 சதவீத எதனோல் ஊற்றுங்கள். கயிறுகளில் சிறிது கிறீஸ் பூசாவிட்டால், பிடிபட்டவற்றை எறும்புகள் இழுத்துச் சென்றுவிடும்.

வண்டுகள் பல, மோதியதும் மேலேறாமல் கீழே விழும் இயல்புடையவை. சுவரின் அடியில் சவர்க்கார நீர் ஊற்றிய ஆழமற்ற தட்டுகளை வைத்தால் அவையும் கிடைக்கும்.

பற்றைகளின் ஓரமாகப் பூச்சிகள் பறக்கும் வழியை நடுச்சுவர் குறுக்கே மறிக்கவேண்டும். போத்தல் வெளிச்சம் மிகுந்த பக்கம் இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வயல்வெளியில் துணி படபடத்துப் பூச்சிகளை விரட்டிவிடும் என்பதால், பற்றையின் காற்று மறைவான பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். வயலென்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; புறாத்தீவு போன்ற தேசியப் பூங்காக்களில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்அனுமதியின்றி எதையும் சேகரிக்கக்கூடாது.