காணிக்கைக் கவரும் கடன் அட்டையும்

கேள்வி: சம்பளம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை எடுத்துக் காணிக்கைக் கவரில் வைத்துவிடுவேன். இருபதாம் தேதிக்கு மேல் கை வறண்டுவிடும். அம்மாவின் மருந்தைக் கடன் அட்டையில் வாங்குகிறேன். ஆறு மாதமாக இப்படித்தான். தசமபாகத்தைக் குறைக்கலாம் என்கிறார் கணவர். அது ஆண்டவரை வஞ்சிப்பதாகாதா?

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்கை நூறு பங்காக மாற்றிப் பார்த்தேன். வீட்டுச் செலவு 58, கடன் தவணை 30, காணிக்கை 10. மிச்சம் 2. மருந்துக்கோ 6 வேண்டும். ஆக, மாதந்தோறும் 4 பங்கு அட்டையில் ஏறுகிறது. மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்தால், ஆறு மாதத்தில் வாங்கிய 24 இப்போது ஏறக்குறைய 26 ஆகியிருக்கும்.

கவரில் வைக்கும் பத்தில் நான்கு உங்களுடையதே அல்ல, வங்கியுடையது. காணிக்கை உங்கள் பெயரில் போகிறது. அதற்கான வட்டி அம்மாவின் மருந்துச் சீட்டில் ஏறுகிறது. தசமபாகம் கொடுக்காதது ஆண்டவரை வஞ்சிப்பது என்று சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரம் உங்களை உறுத்துவது புரிகிறது. அதோடு மாற்கு ஏழாம் அதிகாரத்தையும் படியுங்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டது அங்கேதான். உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. நீங்கள் மருந்தை நிறுத்தவில்லையே. ஆனால் அந்த மருந்தும் உங்கள் உக்கிராணத்துவத்தில், அதாவது ஆண்டவர் ஒப்படைத்ததைப் பொறுப்பாக நிர்வகிப்பதில், அடங்கியதுதான். உபாகமம் 14 சொல்லும் மூன்றாம் வருடத் தசமபாகம் ஆலயப் பணி செய்த லேவியரோடு, பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, கணவர் சொல்வதுதான் சரி. ஆனால் காணிக்கையை அடியோடு நிறுத்தாதீர்கள். கொடுக்கும் பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் திரும்ப ஒட்டுவது கஷ்டம். காணிக்கையின் 10, மிச்சம் 2, ஆக 12-இல் முதலில் மருந்துக்கு 6 ஒதுக்குங்கள். மீதி 6-இல் 2 கவருக்கு, 4 அட்டைக்கு. புதிதாக எதையும் அட்டையில் வாங்காமல் இருந்தால் எட்டு மாதத்துக்குள் அட்டைக் கடன் தீரும். பிறகு அந்த நான்கையும் கவருக்கே மாற்றிவிடுங்கள். 'தன்தன் வரவுக்குத் தக்கதாக' என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இந்தக் கணக்குத்தான்.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா என்ற சந்தேகம் இப்போதைக்கு வேண்டாம். பொருத்தனை (ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட வாக்கு) ஏதும் செய்திருந்தால் போதகரிடம் மனம் திறந்து பேசுங்கள். 'விதைத்தால் நூறு மடங்கு' என்று யாராவது கூடுதலாகக் கேட்டால் மட்டும் கையை மூடிக்கொள்ளுங்கள். காணிக்கை முதலீடு அல்ல. முதலீடு என்று விற்கப்பட்டால் அதைப் பணக் கணக்குப் பார்க்கும் என் தொழிலின் கண்ணோடு பார்ப்பேன், தேறாது.

உண்மையான சோதனை பிறகு வரும். கடன் தவணை முடிந்து 30 பங்கு விடுபடும் மாதம், அதை விழுங்க ஒரு புதிய வாகனமோ பெரிய வீடோ வாசலில் நிற்கும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேய போதகர் ஜான் வெஸ்லி பற்றி இப்படிச் சொல்வார்கள்: வருட வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார், 60 ஆனபோதும் 28-இலேயே வாழ்ந்து 32 கொடுத்தார். அந்த அளவுக்கு உங்களைக் கேட்கவில்லை. முப்பதில் எத்தனை கவருக்கு, எத்தனை அவசர நிதிக்கு என்று இன்றே கணவரோடு உட்கார்ந்து எழுதி, கடைசித் தவணைத் தேதியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.