தங்கை மகளுக்குச் சீர், மனைவி நகைக்கு வட்டி

கேள்வி: எனக்கு வயது 43. திருமங்கலம் அருகே ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். 2019-ல் அக்காவின் மூத்த மகள் சடங்குக்கு 1,80,000, 2022-ல் இளைய மகள் சடங்குக்கு 2,40,000 என்று தாய்மாமன் சீர் செய்தேன். இரண்டுக்கும் மனைவியின் நகைதான். 17 பவுன் அடகில் இருக்கிறது, வட்டி 11 சதவீதம். வருடாவருடம் திருப்பி வைக்கிறேன். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் 1,10,000 கொடுத்தார்கள். அதை எடுத்து வட்டி கட்டினேன். வரும் வைகாசியில் தங்கை மகள் சடங்கு. அதற்கு 3 லட்சம் வேண்டும். இன்னும் 2 லட்சம் சேர்த்து வாங்கி டிஜிட்டல் தங்கத்தில் போட்டால், ஏறுகிற விலையில் வட்டி அடைபட்டுவிடுமா? சீரில் குறை வைத்தால் ‘மாமன் இளைத்துவிட்டான்’ என்பார்கள். பூர்வீக நிலம் இரண்டு ஏக்கரில் அக்காவும் தங்கையும் இதுவரை பங்கு கேட்டதில்லை என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. செய்த சீர் என் மகன் கல்யாணத்தில் மொய்யாகத் திரும்பும். மனைவிக்கு நகை அடகில் இருப்பது தெரியும், எவ்வளவுக்கு என்று தெரியாது. மகளிர் குழுவில் பொருளாளர் என்றாலும் பெரிய கணக்கெல்லாம் பெண்களுக்குப் புரியாது என்று நான் விளக்கவில்லை. 2022 செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நகைக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆறு வருடமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பேச வேண்டியது ஒன்றைப் பற்றித்தான். வட்டி கட்டுவதற்கே அதே நகையின் மேல் மறுபடி கடன் வாங்கினீர்களே, அது. தங்கம் விலை ஏறியது உங்களுக்கு லாபம் என்று நினைத்திருக்கிறீர்கள். இன்னும் கடன் வாங்க இடம் கிடைத்தது, நடந்தது அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். மூன்று தொகையும் சேர்ந்து 5,30,000. 11 சதவீதத்துக்கு வருட வட்டி சுமார் 58,000, மாதத்துக்கு 4,850. இப்போது கேட்கும் 5 லட்சத்தையும் ஏற்றினால் கடன் 10,30,000 ஆகும். மாத வட்டி மட்டும் 9,400-ஐத் தாண்டும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. தவிர, 2026 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் பொருந்தும். அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனுக்குக் கெடு 12 மாதம். புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரை ஏறிய வட்டியை முதலில் கட்டியாக வேண்டும்.

மொய்யாகத் திரும்பும் என்கிறீர்கள். மகனுக்கு இப்போது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. கல்யாணத்துக்கு 15 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கும் கடன் வாங்குகிற உங்கள் வழக்கப்படி, இன்று அடகு வைத்துச் செய்யும் ஒரு லட்சம் அன்றைக்கு ஏறக்குறைய 4,78,000 ஆகியிருக்கும். மொய் நோட்டைப் பார்த்து 1 லட்சத்துக்கு 4,78,000 எழுதுகிற உறவு உங்கள் ஊரில் இருந்தால் எனக்கும் முகவரி கொடுங்கள்.

செலவுப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். 2,40,000-ல் மருமகளின் கழுத்துக்குப் போனது இரண்டு பவுன், அன்றைய விலையில் 76,000. மீதி 1,64,000 செண்டை மேளம், குதிரை வண்டி, 51 தட்டு, ஆட்டுக்கிடாய், வாணவேடிக்கை, நீங்கள் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு ஃப்ளெக்ஸ் பேனர். அந்தப் பேனருக்கு மட்டும் 7,000. மறுநாள் காலையில் அதை யாராவது மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருப்பார்கள்.

இதை யார் கேட்டார்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன். அக்கா கேட்டதாக ஒரு வரி இல்லை, தங்கை கேட்டதாகவும் இல்லை. ‘என்பார்கள்’ என்று மட்டும் இருக்கிறது. உடன்பிறந்தவளிடம் ‘எவ்வளவு செய்யட்டும்?’ என்று கேட்பதே தாய்மாமனுக்கு இழுக்கு என்று சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். பெண்ணுக்கோ வாய்விட்டுக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பழக்கம். இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற இடத்தில் அடகுக்கடை பேசுகிறது.

நிலத்தைப் பற்றிய உங்கள் கணக்கும் தவறு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது; அதற்கு முன் திருமணமானவர்களை மட்டும் விட்டுவைத்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அது வேறு கதை. மற்றபடி, தட்டில் வைத்த சீர் அந்தப் பங்கை அழிக்காது. பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இல்லாத வரை பங்கு அவர்களுடையதுதான். ஆறு வருடமாக நீங்கள் ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கு எந்த ரசீதும் இல்லை. அந்தச் செலவை மனைவியின் நகையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். சீதனத்தின் மேல் கணவனுக்கு உரிமை இல்லை, ஆபத்துக்கு எடுத்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. குதிரை வண்டி ஆபத்தா?

பெண்களுக்குப் புரியாது என்று எழுதியதற்கு ஒரு சிறு கதை. மேகாலயாவின் காசி மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகும். தாய்மாமனுக்கு அங்கே குடும்ப முடிவுகளில் சொல் உண்டு. அவர்களையும் தான்சானியாவின் மாசாய் மக்களையும் ஒப்பிட்டு மூன்று பொருளாதார அறிஞர்கள் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாளிக்குள் டென்னிஸ் பந்தை எறிய வேண்டும். விழுந்த பந்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கலாம், அல்லது இன்னொருவரோடு போட்டியிட்டு ஜெயித்தால் மூன்று மடங்கு வாங்கலாம். மாசாய் ஆண்களில் பாதிப் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 26 சதவீதம்தான். காசி மக்களிடமோ பெண்கள் 54 சதவீதம், ஆண்கள் 39. பணத்தில் துணிவது யார், ஒதுங்குவது யார் என்பதில் வளர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மனைவி ஒரு குழுவின் பணத்தையே பார்த்துக்கொள்கிறார். அவரிடம் கணக்கை மறைப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே அடகுச் சீட்டுகளை எல்லாம் மனைவி முன் வையுங்கள். ஒரு வழி, சில பவுனை விற்றுக் கடனை அடைத்து மீதி நகையை மீட்பது. இன்றைய விலையில் 17 பவுனில் பாதிக்கு மேல் மிஞ்சும். இன்னொரு வழி, மாதத் தவணைக்கு மாற்றுவது. நான்கு வருடத்துக்கு மாதம் சுமார் 13,700 வரும், உங்கள் சம்பளத்தில் மூச்சு முட்டும். எது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நகை அவருடையது. தங்கையிடம் நேரில் போய், கையில் இருப்பது 30,000 என்று சொல்லுங்கள். பட்டுப் பாவாடை, பழத்தட்டு, மாலைக்கு அது தாராளம். நிலப் பேச்சையும் அதே திண்ணையில் தொடங்கிவிடுங்கள், வைகாசிக்கு முன்பே.

டிஜிட்டல் தங்கம் கேட்டீர்கள். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி. கடன் வட்டி 11. முதல் வருடத்தில் விலை 14 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட இடத்துக்கே வருவீர்கள். திருப்பி விற்கும்போது அந்த நிறுவனம் விலையில் பிடித்துக்கொள்ளும் வித்தியாசம் தனி. டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. 17 பவுன் அசல் தங்கம் அடகில் கிடக்கும்போது கடன் வாங்கி செயலியில் தங்கம் வாங்க வேண்டாம்.