பேண்ட் என் வாசிப்பை மூழ்கடிக்கிறது, என்ன செய்ய?

கேள்வி: எங்கள் பிராஸ் பேண்டில் (பித்தளை ஊதுவாத்தியக் குழு) நான்தான் முதல் யூஃபோனியம் (சிறிய டியூபா போன்ற வாத்தியம்). ஓர் இளம் இசையமைப்பாளர் எனக்காகவே, பேண்ட் பக்கவாத்தியத்தோடு வாசிக்க ஒரு புதிய தனிப் படைப்பு எழுதித் தந்திருக்கிறார், சுமார் 12 நிமிடம் வரும். பியானோவோடு பழகியபோது அருமையாக இருந்தது. பேண்டோடு முதல் ஒத்திகை பார்த்தால் பாதி நேரம் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. நடத்துநர் "சத்தத்தைக் குறைங்க, இன்னும் குறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர்களும் குறைத்தார்கள், ஆனாலும் தெளிவு வரவில்லை. நான் இன்னும் பலமாக ஊத வேண்டுமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். யூஃபோனியத்தை முட்டி ஊதினால் முதலில் போவது அதன் இனிமைதான். அப்புறம் உதடு பாதியிலேயே களைத்துப்போய், கடைசிப் பக்கத்து மேல் சுரங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. கோளாறு உங்கள் மூச்சில் இல்லை, ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைத்தாளில்) இருக்கிறது, அதனால் பென்சிலை எடுத்துக்கொண்டு ஸ்கோரில்தான் சரிசெய்ய வேண்டும்.

பியானோவோடு நன்றாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பியானோவில் கட்டையை அழுத்திய மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். நீங்கள் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும்போது பியானோ தானாகவே அடங்கி உங்களுக்கு வழிவிடுகிறது. அதே கார்டைப் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) பேண்டுக்கு எழுதினால் அது தேயாது, எழுதிய நேரம் முழுக்க அதே கனத்தில் நிற்கும். அதுவும் உங்கள் சுரங்கள் உலவும் இடத்திலேயே நிற்கும். உங்கள் யூஃபோனியம், 2 பாரிடோன், 2 டெனார் டிராம்போன், மீதமுள்ள இன்னொரு யூஃபோனியம், எல்லாமே ஏறக்குறைய 9 அடிக் குழாய்தான், ஒரே சுரவரம்பு. மூன்று டெனார் ஹார்னும் பக்கத்திலேயே இருக்கின்றன. டிராம்போனைத் தவிர மற்றதெல்லாம் ஒரே குடும்பத்துக் குரல் வேறு. ஆர்கெஸ்ட்ராவில் வயலின்களுக்கு மேல் ஒரு டியூபா வாசித்தால் குரல் வேறு என்பதாலேயே காது பிரித்து எடுத்துக்கொள்ளும், இங்கே அந்த உதவி கிடையாது.

ஆகவே எல்லோரும் மெல்ல ஊதுவதைவிடக் குறைவான பேர் ஊதுவதுதான் தீர்வு. வழக்கமான பிராஸ் பேண்டில் பித்தளை வாத்தியக்காரர்கள் மட்டும் 25 பேர், அதில் சோலோ கார்னெட் (டிரம்பெட் போன்ற வாத்தியம்) வரிசையில் மட்டும் 4 பேர் ஒரே வரியை வாசிக்கிறார்கள். நான்கு பேர் பியானிசிமோ (மிக மெல்ல) வாசிப்பதும் ஒருவர் மட்டும் சாதாரணமாக மூச்சுவிட்டு வாசிப்பதும் ஒன்றல்ல. பயந்து பயந்து ஊதும் நால்வரின் ஒலியில் நடுக்கமும் சுருதி விலகலும் வரும், ஒருவரின் ஒலி சுத்தமாக இருக்கும். ஸ்கோரில் அந்த இடத்தில் 'ஒருவர் மட்டும்' என்று எழுதிவிடுங்கள். பேண்ட் ஸ்கோர்களில் இது சகஜமான குறிப்பு, யாரும் மனவருத்தப்பட மாட்டார்கள். B♭ பேஸ் (பெரிய டியூபா) இரண்டில் ஒன்று, பாரிடோன் இரண்டில் ஒன்று என்று மற்ற வரிசைகளுக்கும் இதையே செய்யலாம்.

அடுத்தது கார்டை வைக்கும் இடம். நீங்கள் நடுச் சுரங்களில் வாசிக்கும் வரிகளில் உள்சுரங்களை ஹார்ன், பாரிடோன்களிடமிருந்து எடுத்து, கப் மியூட் (ஒலியடக்கி) போட்ட கார்னெட்டுகளுக்கு மேலே கொடுக்கச் சொல்லுங்கள். கீழே ஒரு பேஸ், மேலே மியூட் கார்னெட், நடுவில் வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் நீங்கள். நீண்ட கார்டுகளைச் சின்னச் சின்ன தட்டல்களாக உடைத்தாலும் போதும், உங்கள் சுரம் இடைவெளிகளில் வெளியே வந்துவிடும். புதிய படைப்பில் இதுதான் பெரிய பாக்கியம்: எழுதியவர் கூடவே இருக்கிறார், மாற்றச் சொன்னால் மாற்றுவார். அவரை ஒத்திகைக்கு அழைத்து, உங்கள் பக்கத்தில் நிற்க வைக்காமல் அரங்கின் பின்வரிசையில் உட்கார வையுங்கள்.

நீங்கள் பேண்டின் முதல் யூஃபோனியம் என்பதால் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: நீங்கள் முன்னால் வந்து நின்றதும் உங்கள் நாற்காலி காலி. பேஸ்களைவிட ஒரு ஸ்தாயி மேலே நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வரி இந்தப் படைப்பில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அது முதல் யூஃபோனியம் தாளில் மட்டும் இருந்தால், பேண்ட் முழுமூச்சாக வாசிக்கும் இடங்களில் அடிப்பகுதி ஓட்டையாகக் கேட்கும். இரண்டாவது யூஃபோனியத்துக்கு அந்த வரியை இப்போதே மாற்றிக் கொடுங்கள்.

ஸ்நேர் டிரம்மையும் மறக்க வேண்டாம். நீங்கள் மெல்ல வாசிக்கும்போது அதன் அடியிலுள்ள கம்பிகள் உங்கள் சில சுரங்களுக்குத் தாமாகவே அதிர்ந்து ஒரு மெல்லிய சரசரப்பைக் கிளப்பும். மேடையில் நிற்பவர்களுக்கு அது கேட்பதே இல்லை, ஒலிப்பதிவில் நன்றாகவே கேட்கும். கம்பிகளைத் தளர்த்திவிடும் இடங்களை டிரம் தாளில் குறித்து வையுங்கள்.

ஜோசப் ஹொரோவிட்ஸின் யூஃபோனியம் கான்செர்ட்டோ (1972), எட்வர்ட் கிரெக்ஸனின் டியூபா கான்செர்ட்டோ (1976) இரண்டுமே பிராஸ் பேண்ட் துணைக்காகவே எழுதப்பட்டவை. ஒலிப்பதிவை மட்டும் கேட்காமல் ஸ்கோரைப் பிரித்து வைத்துக்கொண்டு, தனி வாத்தியம் வாசிக்கும் பக்கங்களில் எத்தனை வரிகள் காலியாக இருக்கின்றன என்று உங்கள் இசையமைப்பாளரும் நீங்களும் சேர்ந்து பாருங்கள். அரை நாள் இதற்கு ஒதுக்கினால் பல ஒத்திகைகள் மிச்சம்.

கேள்வி: இரண்டாம் பகுதியில் எனக்கு நீண்ட ஓய்வு. அதற்குப் பிறகு நுழையும்போது சுருதி இறங்கிக் கேட்கிறது. வாத்தியத்தில் கோளாறா?

பதில்: கோளாறில்லை, குளிர்ச்சி. குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், சுருதி ஏறும், ஆறினால் இறங்கும். நீங்கள் சும்மா நிற்கும் நேரத்தில் பேண்ட் ஊதி ஊதிச் சூடாகிக்கொண்டே போகிறது, அதனால் வித்தியாசம் இரண்டு பக்கமும் விரிகிறது. ஓய்வின் கடைசிச் சில தாளக்கட்டங்களில் ஒலி எழுப்பாமல் வாத்தியத்துக்குள் வெதுவெதுப்பான மூச்சை மெதுவாக விடுங்கள். விடும்போது வால்வுகளையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள், இல்லையென்றால் நேர்க்குழாய் மட்டும் சூடாகி வால்வு வளையங்கள் குளிர்ந்தே இருக்கும், முதல் சுரம் சரியாக வந்து இரண்டாவது சுரம் இறங்கும். கார்னெட்டுகள் ஸ்ட்ரெய்ட் மியூட் போடும் பக்கங்களில் அவர்கள் சுருதி கொஞ்சம் ஏறவும் செய்யும். அவர்களே தங்கள் ஸ்லைடைச் சற்று இழுத்துக்கொள்ளட்டும், நீங்கள் துரத்திப் போக வேண்டாம்.

கேள்வி: முதல் அரங்கேற்றம். மனப்பாடமாக வாசிப்பதா, தாள் வைத்துக்கொள்வதா? கடென்சா (துணையில்லாமல் நான் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்து பேண்ட் சேர்ந்து நுழைவது ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறது.

பதில்: தாள் வையுங்கள். புதிய படைப்பில் கடைசி வாரம்வரை சுரங்கள் மாறும், பழைய வடிவமும் புதிய வடிவமும் மனதில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, கிட்டத்தட்ட படுக்கையாக வையுங்கள், நடத்துநரும் நீங்களும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். கடென்சாவின் கடைசி வரியை நடத்துநரின் ஸ்கோரிலும் டிம்பனிக்காரர் தாளிலும் அப்படியே எழுதிக் கொடுங்கள், 'தனி வாசிப்பு' என்று வெறும் வார்த்தை போதாது. கடைசிச் சுரத்துக்கு முன் எங்கே மூச்செடுப்பீர்கள் என்று முடிவு செய்து ஒத்திகையிலும் அதே இடத்திலேயே எடுங்கள். பேண்ட்காரர்கள் கையசைவைவிட மூச்சைப் பார்த்து நன்றாக நுழைவார்கள், அவர்கள் தொழிலே மூச்சுதானே.

கேள்வி: நான் இசையமைப்பவன். வயலினுக்குப் பிராஸ் பேண்ட் துணையோடு ஒரு படைப்பு எழுத ஆசை. D மேஜரில் தொடங்கியிருக்கிறேன். இது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், ஆனால் D மேஜரை இப்போதே விட்டுவிடுங்கள். வயலினுக்கு அது சொர்க்கம். ஆனால் பேண்ட் வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் ஒலிக்கும் சுரத்தை அப்படியே எழுதாமல் இடம் மாற்றி எழுதுவார்கள். B♭ வாத்தியக்காரர்கள் தாளில் அது E மேஜர், 4 ஷார்ப் (அரைச்சுரம் உயர்த்தும் குறி). E♭ வாத்தியங்களான டெனார் ஹார்ன், சொப்ரானோ கார்னெட், E♭ பேஸ் தாளில் B மேஜர், 5 ஷார்ப். நல்ல வாத்தியக்காரர்கள் வாசித்துவிடுவார்கள், ஆனால் வால்வுச் சேர்க்கைகள் சங்கடமாகி ஒலி இறுகும். D மைனருக்குப் போனால் வயலினின் திறந்த D, A தந்திகள் அப்படியே கையில் இருக்கும், பேண்டுக்கு 1 ஷார்ப், 2 ஷார்ப் என்று எளிதாகிவிடும். மேஜரே வேண்டுமென்றால் F மேஜர், அங்கும் இதே கணக்குதான்.

சத்தச் சமநிலையில் மேலே யூஃபோனியத்துக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். G தந்தியில் நீங்கள் எழுதும் உருக்கமான வரிகளுக்கு அடியில் ஒரு ஃப்ளூகல்ஹார்ன், ஒரு பேஸ் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். பேண்ட் முழுவதும் வேண்டுமென்றால் வயலினை E தந்தியின் உச்சத்துக்கு அனுப்புங்கள், அல்லது வயலின் ஓயும் இடங்களில் பேண்டைப் பேசவிடுங்கள். மைக் வைக்கக் கூச்சப்பட வேண்டாம், வைப்பதாக இருந்தால் அதை முதல் ஒத்திகையிலேயே வையுங்கள், கச்சேரி அன்று முதன்முதலாகப் பொருத்தினால் அதுவரை எல்லோரும் பழகிய அளவுகள் எல்லாம் மாறிப்போகும்.