கட்டியை முழுசாக எடுத்தாச்சு, அப்புறம் தொடைக்கு எதற்குக் கரண்ட் வைக்கணும்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. தொடையில் இருந்த கொழுப்புக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்சியில் லைப்போசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம், ஆனாலும் ஆறு வாரத்துக்கு மேல் ரேடியேஷன் (கரண்ட்) கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டியே இல்லாத காலுக்கு இது கட்டாயம் தேவையா?

பதில்:

தேவையா இல்லையா என்பதில் பாதி விடை அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது, அதனால் முதலில் அதைக் கையில் எடுங்கள். லைப்போசார்கோமா என்று மொட்டையாக இருக்காது. மிக்சாய்டு, ப்ளியோமார்ஃபிக், வெல் டிஃபரென்ஷியேட்டட், டிடிஃபரென்ஷியேட்டட் என்று வகைப் பெயர் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே கிரேடு (புற்றின் முரட்டுத்தன்மை) எத்தனை, கட்டி எத்தனை சென்டிமீட்டர், வெட்டிய ஓரத்தில் புற்றுச்செல் இருக்கிறதா என்றும் எழுதியிருப்பார்கள். இந்த நாலையும் பார்க்காமல் கரண்ட் வேண்டும், வேண்டாம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. என் அண்ணனுக்கு இடது தொடையில் இதே கதைதான். டூவீலர் மெக்கானிக், நாள் முழுக்க வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வேலை செய்கிற ஆள். வலி இல்லாத கட்டி என்பதால் ரொம்ப நாள் விட்டுவிட்டார், அப்புறம் ஊரிலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று எடுத்தார்கள், ரிப்போர்ட் மிக்சாய்டு லைப்போசார்கோமா என்று வந்தது. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே திரும்பவும் திறந்து, பழைய தழும்போடு சுற்றியிருந்த சதையையும் சேர்த்து எடுத்து, காயம் ஆறியதும் ரேடியேஷன் கொடுத்தார்கள். அத்தனை நாளும் கூட இருந்தவள் என்பதால், நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கட்டி முழுசாகப் போய்விட்டது என்றால், கண்ணுக்குத் தெரிந்தது முழுசாகப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். இந்த வகைக் கட்டி வளரும்போது சுற்றியுள்ள சதையை அழுத்தி அழுத்தி ஓர் உறை மாதிரி ஆக்கிவைக்கும். பார்த்தால் அந்த உறைக்குள் அடக்கமாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் செல்கள் அதைத் தாண்டியும் போயிருக்கும். தோட்டத்தில் கோரையைப் பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வந்து கிழங்கு மண்ணுக்குள் நிற்குமே, அந்த மாதிரி. அதனால்தான் கட்டியோடு சுற்றியுள்ள நல்ல சதையிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுகிறார்கள். தொடையில் எல்லாப் பக்கமும் அப்படி வெட்ட முடியாது. பெரிய ரத்தக்குழாய் ஒரு பக்கம், கால் நரம்பு ஒரு பக்கம், நடுவில் எலும்பு. அவற்றை விட்டுவைத்தால்தான் அப்பா நடப்பார், விட்டுவைத்த இடத்தில் நாலு செல் மிச்சம் இருந்தால் அதை முடிக்கத்தான் ரேடியேஷன்.

ஒரு காலத்தில் இதற்குத் தீர்வு காலையே எடுப்பதுதான். அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கை கால்களில் சார்கோமா (சதை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று, லைப்போசார்கோமாவும் அதில் ஒன்று) உள்ள 43 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 16 பேருக்கு உறுப்பை எடுத்தார்கள், 27 பேருக்கு உறுப்பை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தார்கள். முடிவு 1982ல் வெளியானது. காலை இழந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, இரண்டு பக்கமும் ஆயுள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்றைக்கு அப்பா ரெண்டு காலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் அந்த மாதிரி ஆய்வுகள் இருக்கின்றன. காலை எடுக்காமல் விடலாம் என்ற துணிச்சல் டாக்டர்களுக்கு வந்ததே ரேடியேஷன் கையில் இருந்ததால்தான்.

சரி, ரேடியேஷனே இல்லாமல் வெறும் ஆபரேஷன் போதுமா என்றும் அதே நிறுவனத்தில் 141 பேரை வைத்துப் பார்த்தார்கள், 1998ல் வந்த ஆய்வு அது. கிட்டத்தட்ட பத்து வருடம் பின்தொடர்ந்ததில், ரேடியேஷன் கொடுத்தவர்களுக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வருவது நன்றாகவே குறைந்தது, ஆனால் மொத்த ஆயுளில் வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்வதே கிடையாது, நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரேடியேஷன் அந்தத் தொடைக்கான காவல். நுரையீரலுக்குப் போகுமா என்பதைப் பெரும்பாலும் கட்டியின் வகையும் கிரேடும் அளவும் முடிவு செய்கின்றன, தொடையில் வைக்கிற கரண்ட் அதை மாற்றாது. அப்படியென்றால் எதற்கு என்று கேட்காதீர்கள். ஏற்கனவே வெட்டிய தொடையில் கட்டி திரும்பி வந்தால் இன்னொரு ஆபரேஷன், அதில் நரம்போ ரத்தக்குழாயோ போகலாம், சிலருக்கு அப்போது காலையே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. அண்ணனுக்கு நான் இதைத்தான் சொன்னேன். கால் வேண்டும் என்றால் இந்த ஆறேழு வாரத்தைக் கடந்துதான் ஆக வேண்டும் என்று.

ஆனால் எல்லோருக்கும் தேவையில்லை. ரிப்போர்ட்டில் வெல் டிஃபரென்ஷியேட்டட் என்றோ அடிப்பிக்கல் லைப்போமேட்டஸ் டியூமர் என்றோ இருந்தால், கை கால்களில் வருகிற அந்த வகை மெதுவானது, தன் குணம் மாறாதவரை வேறு இடத்துக்குப் பரவாது. முழுசாக எடுத்திருந்தால் பெரும்பாலும் கரண்ட் வைக்காமல் பார்த்துக்கொண்டே வருவார்கள், திரும்பத் திரும்ப வந்தால்தான் யோசிப்பார்கள். இதற்கும் சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கும் மைக்ரோஸ்கோப்பில் குழப்பம் வரும், அதைத் தீர்க்க எம்டிஎம்2 என்ற மரபணுவைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. செய்தார்களா என்று கேளுங்கள். அதேபோல ஐந்து சென்டிமீட்டருக்குள், தோலுக்கு அடியிலேயே இருந்து, கிரேடும் குறைவாக, நல்ல அகலமான ஓரத்தோடு எடுத்திருந்தாலும் விட்டுவிடலாம் என்று சொல்லக்கூடும். சதைக்குள் ஆழத்தில், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், கிரேடு அதிகம் என்றால் தட்டிக்கழிக்காதீர்கள். ப்ளியோமார்ஃபிக், டிடிஃபரென்ஷியேட்டட் இரண்டும் முரட்டு வகை. மிக்சாய்டு கதிருக்கு நன்றாகவே அடங்கும், எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. ஆபரேஷனுக்கு முன்பே கொடுப்பதாக இருந்தால் வழக்கமான 50 கிரேக்கு (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) பதிலாக 36 கிரேயே போதுமா என்று பார்த்து நல்ல பலன் கண்ட ஆய்வு 2021ல் வந்திருக்கிறது.

முன்பே கொடுப்பது என்று சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குக் காலம் கடந்துவிட்டாலும் இதைப் படிக்கிற இன்னொருவருக்கு உதவும். கனடாவில் 190 பேரிடம் செய்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் 50 கிரே, பின் 66 கிரே என்று ஒப்பிட்டார்கள். முன்னால் கொடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் வந்தது, பின்னால் கொடுத்தவர்களில் 17 சதவீதம்தான். ஆனால் பின்னால் கொடுக்கும்போது அளவும் அதிகம், படுகிற பரப்பும் அதிகம், அதனால் வருடங்கள் கழித்துச் சதை இறுகுவது அவர்களுக்குத்தான் கூடுதல். காயம் ஆறிவிடும், இறுகின சதை திரும்பாது. எனவே தொடையில் பெரிய கட்டி இருந்து இன்னும் கத்தி வைக்காதவர்கள், ஊசி பயாப்சியும் எம்ஆர்ஐயும் முடித்து, எது முதலில் என்று கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போங்கள்.

அப்பாவுக்கு வருவோம். அவருக்கும் சாதாரணக் கட்டி என்று நினைத்துத்தான் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் ரேடியேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டியது, இன்னொரு முறை ஓரத்தை எடுக்க வேண்டுமா என்பது. அரைகுறையாக எடுத்ததைக் கரண்ட் சரிசெய்துவிடாது. எடுத்த இடத்திலிருந்து கட்டியின் துண்டுகளை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, சார்கோமா அடிக்கடி பார்க்கிற ஒரு மருத்துவமனையில் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சிஎம்சி மாதிரி இடங்களில் அறுவை, ரேடியேஷன், பேத்தாலஜி டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள். பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ரேடியேஷனும் வருகிறது, கார்டு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், ஒப்புதல் வரத் தாமதமாகலாம். ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, படிவத்தை மருத்துவமனையில் கேளுங்கள்.

இனி நடைமுறை. காயம் நன்றாக ஆறிய பிறகு, பொதுவாக ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஆரம்பிப்பார்கள். ஆபரேஷனுக்குப் பின் என்றால் மொத்தம் 60 முதல் 66 கிரே, ஒரு நாளைக்கு 2 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை, சனி ஞாயிறு லீவு. முதல் நாள் கரண்டே கிடையாது. காலை ஒரு மோல்டில் வைத்து, அசையாமல் சிடி எடுத்து, தோலில் மார்க்கரால் கோடும் சிலுவைக் குறியும் போடுவார்கள். அண்ணனுக்குத் தொடை முழுக்க ஊதாக் கோடு, அது அழியக்கூடாது என்பதால் குளிக்கும்போது அந்த இடத்தில் சோப்பும் போடக்கூடாது, தேய்க்கவும் கூடாது. வேர்வையில் மங்கினால் நாமே மறுபடி வரையக்கூடாது, அங்கே இருக்கிற டெக்னீஷியன்தான் போட வேண்டும். லுங்கியோ தளர்ந்த வேட்டியோ கட்டிக்கொண்டு போகட்டும், இறுக்கமான பேன்ட் தோலை உரசும். மெஷினுக்கு அடியில் படுப்பது கொஞ்ச நேரம்தான், வலி எதுவும் தெரியாது. காத்திருப்பதுதான் அதிகம்.

பிளான் போடும்போதே ஒன்று கேளுங்கள்: காலின் சுற்றளவு முழுவதும் கதிர் படாமல், ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பட்டை சதை விடுபடுகிறதா என்று. நிணநீர் மேலே ஏற அந்த வழி வேண்டும், இல்லாவிட்டால் கால் நிரந்தரமாக வீங்கிவிடும். நல்ல இடங்களில் கேட்காமலே செய்வார்கள், கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. தொடையின் மேல்பகுதி என்றால் விதைப்பைக்கும் சிதறல் கதிர் போகும். குழந்தை பெற வேண்டிய வயதுக்காரர்கள் ஆரம்பிக்கும் முன்பே விந்தணுவைச் சேமிப்பது பற்றிப் பேசிவிட வேண்டும்.

ஆரம்ப வாரங்களில் ஒன்றுமே தெரியாது, அண்ணன் இதற்கா பயந்தோம் என்றார். போகப் போகத் தோல் கறுத்தது, பிறகு தொடை இடுக்கில் உரிந்து ஈரமானது. தேங்காயெண்ணெய், மஞ்சள், கற்றாழை என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர எதுவும் வேண்டாம், அதையும் கரண்ட் வைக்கப் போகிற நேரத்தில் பூசிக்கொண்டு போகாதீர்கள். பத்தியமும் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு என்று நன்றாகச் சாப்பிட்டால்தான் தோல் ஆறும். தலைமுடி கொட்டாது, கதிர் படுகிற இடத்து முடி மட்டும்தான் போகும். வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கரண்ட் உடம்பில் தங்குவதில்லை, பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதே என்று சொன்னது அண்ணனைப் புண்ணைவிட அதிகமாக வருத்தியது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிசியோதெரபி. கதிர் பட்ட சதை மாதங்கள் போகப் போக இறுகும், மூட்டு மடங்காது. முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், முதல் வாரத்திலிருந்தே முட்டியை மடக்கி நீட்டுகிற பயிற்சியை தினமும் செய்யட்டும், கரண்ட் முடிந்தும் ஒரு வருடத்துக்காவது விடக்கூடாது. அண்ணன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலை மேலே போட்டு இடது காலைப் பின்னால் தள்ளுவார், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்றைக்கு முழுசாகக் குத்தவைக்க முடியவில்லை. ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறார், வேலை நடக்கிறது. 1998 ஆய்விலும் இதேதான் இருந்தது: ரேடியேஷன் கொடுத்த காலில் பலம் குறைகிறது, வீக்கம் வருகிறது, ஆனால் அது பெரும்பாலும் தற்காலிகம், அன்றாட வேலையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

வருடங்கள் கழித்து வரக்கூடிய இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கதிர் பட்ட தொடையெலும்பு பலவீனமாகிச் சின்ன அடியிலேயே முறியலாம், அதனால் காரணமே இல்லாமல் தொடை வலித்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த இடத்திலேயே வேறொரு புற்று வருவதும் அபூர்வமாக உண்டு.

முடிந்ததும் செக்கப்பை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடையைப் பார்த்து, நெஞ்சுக்கு எக்ஸ்ரேயோ சிடியோ எடுப்பார்கள், ஏனென்றால் சார்கோமா பரவினால் பெரும்பாலும் முதலில் போவது நுரையீரலுக்கு. மிக்சாய்டு மட்டும் வித்தியாசம், அது முதுகெலும்புக்கும் வயிற்றின் பின்பக்கத்துக்கும் போகும், நெஞ்சு சிடியில் அது அகப்படாது, பெட் ஸ்கேனிலும் சில நேரம் சரியாகத் தெரியாது. அப்பாவின் ரிப்போர்ட்டில் மிக்சாய்டு என்று இருந்தால் முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டு, ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.