வயதைக் காட்டிப் பயிற்சியை மறுத்தால்?

கேள்வி: எனக்கு 54 வயது. கணக்குப் பிரிவில் 26 வருடமாக இருக்கிறேன். எக்செல் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தால், "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம், சின்னப் பசங்க பாத்துப்பாங்க" என்கிறார் மேலாளர். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் அவரே "டிஜிட்டல் திறன் போதாது" என்று எழுதிவிட்டார். நானாக முயன்றால், ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொரு பட்டியலில் தேடி எடுக்கும் வி-லுக்அப் சூத்திரம் போட்ட இடமெல்லாம் 'என்/ஏ' (கிடைக்கவில்லை) என்றே வருகிறது. என்ன செய்வது?

பதில்: பயிற்சியையும் கொடுக்காமல், திறன் இல்லை என்று மதிப்பெண்ணையும் குறைப்பது அநியாயம். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். எந்தப் பயிற்சி, என்று நடக்கிறது, உங்கள் வேலையில் எதற்குத் தேவை என்று நாலு வரியில் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கு நகல் வையுங்கள். அதில் வயதுப் பேச்சே வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தை அவர்களே எழுதட்டும். மேலாளர் சொன்னதைத் தேதி, உடனிருந்தவர் பெயரோடு அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தாளில் "பயிற்சி கேட்டேன், தரப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மூத்த தொழிலாளர்களுக்கு மறுபயிற்சியிலும் சம வாய்ப்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 162-ஆம் பரிந்துரை 1980-லேயே சொல்லிவிட்டது. பரிந்துரை என்பதால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தொழிற்சங்கத்திடம் கேளுங்கள்.

இனி அந்த 'என்/ஏ'. இளைஞர்களுக்கும் இதே தொல்லைதான். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில் 1045 என்பது கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி, மூலையில் பச்சை முக்கோணத்தோடு நிற்கிறதா? எக்செல் அதை எழுத்தாகவே பார்க்கிறது. மறுபக்கம் இருப்பது எண். இரண்டும் எப்படிப் பொருந்தும்? அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்', அடுத்து 'ஃபினிஷ்' கொடுங்கள், எண்ணாகிவிடும். 00451 போன்ற குறியீடுகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். பெயரின் பின்னால் ஒட்டிய இடைவெளியாலும் 'என்/ஏ' வரும், அதற்குக் கூடுதல் இடைவெளியை நீக்கும் 'ட்ரிம்' சூத்திரம் போடுங்கள்.

'என்/ஏ' வந்தால் பிழை என்றாவது தெரிகிறது. வி-லுக்அப் சூத்திரத்தின் கடைசியில், அப்படியே பொருந்துவதை மட்டும் எடு என்று சொல்லும் 'ஃபால்ஸ்' போட மறந்தால், எக்செல் ஏறத்தாழப் பொருந்தும் வரியை எடுத்து, தவறான தொகையைச் சத்தமில்லாமல் நிரப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு தெரிந்த கண் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. போன மாதக் கணக்கின் நகலை எடுத்துப் பழகுங்கள். சரியான மொத்தம் ஏற்கெனவே தெரியும் என்பதால் எங்கே பிசகியது என்று உடனே பிடிபடும்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் பட்டம் பெற்ற ஆண்டை விட்டுவிடலாமா?

பதில்: படிவம் கேட்காதவரை விடலாம். கடைசி 10, 15 வருட வேலையை விரித்து எழுதினால் போதும். ஆண்டை மாற்றி மட்டும் எழுதாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் கிடைத்த வேலையும் போய்விடும்.